மேசையின் முதல் அளவு

மேசை என்னுஞ் சொல் தமிழன்று. கதிரையும் தமிழன்று, வாங்கும் தமிழன்று. மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். அவர்கள் மட்டக்களப்பு வாவியிலுள்ள புளியந்தீவிலே கோட்டை கட்டியது 1628ஆம் ஆண்டில். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1638ஆம் ஆண்டில். பத்தே ஆண்டுகளிற் கோட்டை கைமாறிற்று. சொற்களோ இன்றளவும் நம் வாயைவிட்டு அகலவில்லை. சொற்களோடு மக்களும் தங்கினர். இந்நகரத்துப் பறங்கியர் தம் போர்த்துக்கேயக் கிளைமொழியையும் தச்சு முதலிய கைத்தொழில்களையும் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்தனர். ஆகவே மேசை நமக்குப் புதிய பொருளன்று. எழுதுவதற்கும் விளக்கு வைப்பதற்கும் உதவிய அது, சாதாரண குடும்பத்தின் உண்ணுமிடத்துக்கு வந்து சேர்ந்ததே புதிது.

இன்று எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும் ஒரு வீடு எழும்போது, உண்ணும் மேசையொன்று செய்வித்தல் வேண்டும் என்னும் எண்ணமும் உடனெழுகின்றது. மகளுக்கு வீடு கொடுத்து மணஞ்செய்விக்கும் வழக்கம் வேரூன்றிய நாடு இது. ஆதலின், மேசைக்கு அளவு சொல்பவர் பெரும்பாலும் பெண்ணைப் பெற்ற தந்தையாரே. தச்சுப் பட்டறையில் எழும் முதல் வினா, ஆறு கதிரையா எட்டுக் கதிரையா என்பது. இரண்டாவது வினா, முதிரையா தேக்கா என்பது. மூன்றாவது வினா வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. அயல்வீட்டு மேசை எத்தனை அடி என்பதே அது. அம்மேசைக்கு நாடோறும் சோறு சமைக்கப்போகின்றவள் எங்கே இருந்து உண்பாள் என்று எவரும் கேட்பதில்லை. அதுவே முதல் வினா என்பதும், அதற்கு விடை கண்ட பின்னரே முழக்கோலைக் கையில் எடுத்தல் வேண்டும் என்பதும் என் கருத்து.

மேசைக்கு முன் நமக்குப் பாய் இருந்தது. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்பது நாடெங்கும் வழங்கும் பேச்சு. மந்திரத்தால் என்பர் சிலர். விருந்தோம்பலால் என்பதே உண்மை. பாயின் பெருமை யாதெனின், அதற்கு முடிந்த அளவு கிடையாது. எண்மர் இருந்த பாயிலே ஒன்பதாமவர் வந்தால் எண்மரும் சற்று ஒதுங்குவர். பதின்மரானால் இன்னொரு பாய் விரியும். காத்தான்குடி முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்கள் சகன் என்னும் பெருந்தட்டைச் சூழ்ந்திருந்து ஒருங்கே உண்ணும் வழக்கத்திலும் இவ்வழகைக் காணலாம். அவ்வட்டத்திலே தலைமாடு இன்னது கால்மாடு இன்னது என்பதில்லை.

மேசையோ அத்தகையதன்று. பலகையை வாள் அறுத்த அன்றே எத்தனை பேர் அமரலாம் என்பது முடிந்துபோகின்றது. அதனாலேயே, மேசை எதற்கு, நிலத்திலிருந்து உண்பதே நம் மரபு என்று சொல்வாரும் உளர். அவர் கூற்றை நான் இகழேன். ஆயினும், மூட்டுநோவுற்ற முதியவர்க்குப் பாயில் அமர்தலும் எழுதலும் எத்துணைத் துன்பம் என்பதை அறிந்தோர் மேசையை வேண்டாவென்று தள்ளமாட்டார். மேலும், பாய்க்கும் ஒரு குறை இருந்தது. முதற் பந்தியில் ஆடவர், அடுத்து பிள்ளைகள், ஈற்றிலே சமைத்தவள் என்பதே பாயின் ஒழுங்கு. எஞ்சியதை அடுக்களையில் தனியே இருந்து உண்டவள் அவள். இக்குறையை நீக்கும் வாய்ப்பு மேசைக்கு உண்டு. ஆனால், பெரும்பாலும் நாம் அக்குறையை மரத்திலே செதுக்கி நிலைபெறச் செய்துவிடுகின்றோம்.

அஃது எங்ஙனம்? அகலத்தினால். சிறப்புத் தோன்றவேண்டும் என்று நான்கடி அகலத்திற் செய்வித்த மேசையை எண்ணிப் பாருங்கள். நடுவே வைத்த குழம்புச் சட்டி இருபுறத்தார்க்கும் எட்டாது. எட்டாதபோது ஒருவர் எழுந்து நின்று சுற்றிச்சுற்றிப் பரிமாற வேண்டும். அவ்வொருவர் யாரென்று நான் சொல்ல வேண்டுவதில்லை. மேசையின் அகலம் ஓரடி மிகுந்தமையால் ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் நின்றபடியே இருக்கின்றார். 3 அடி அகலமே போதுமானது. உண்கலம் ஒன்றுக்கு 15 அங்குலமாக இருபுறமும் 30 அங்குலம் போக, நடுவே கறிச்சட்டிகளுக்கு 6 அங்குலம் எஞ்சும். இவ்வகலத்திலே எவரும் எழாமலே சோற்றையும் கறியையும் தாமே எடுத்துக்கொள்ளலாம், பக்கத்திலிருப்பவர்க்கும் இடலாம். கைக்கெட்டும் தூரமே அகலத்துக்கு அளவு.

அடுத்தது நீளம். ஒருவர்க்கு 24 அங்குலம் வேண்டும்; பிறர் முழங்கை இடியாது உண்பதற்கு அதனிற் குறைதல் நன்றன்று. பெரியோரோடு ஒருங்கிருந்து உண்ணும்போது அவர்க்கு முன் உண்ணத் தொடங்கலாகாது, முன் எழலாகாது, அவரை மிக நெருங்கியும் இருக்கலாகாது என்று ஆசாரக்கோவை விதிக்கின்றது. நெருங்காமை நாகரிகம் என்பதை நம் முன்னோர் பாயிலிருந்தே கண்டனர். 6 அடி நீள மேசையிற் பக்கத்துக்கு மூவராக அறுவர் அமரலாம் என்பது பொதுக்கணக்கு. ஆனால், பருத்த கால்களை நிறுத்தினால் நடுவிலுள்ள வெளி சுருங்கும். ஓரத்திலிருப்போர் முழங்கால் மரத்தில் இடிபடும். ஆதலின் மேற்பலகையின் நீளத்தை மட்டும் கேளாது, கால்களுக்கு இடைப்பட்ட வெளியையும் கேட்டல் வேண்டும். மூவர்க்கு அது ஐந்தரை அடிக்குக் குறையலாகாது.

உயரத்துக்கு அளவு நம் உடம்பே. கதிரையின் இருக்கை ஏறத்தாழ ஒரு முழம், அதாவது 17 அல்லது 18 அங்குலம். மேசைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உயரம் 30 அங்குலம். நாமோ கையாற் பிசைந்து உண்போர். கரண்டியையும் முள்ளையும் பிடிப்பவன் கை உயர்ந்து நிற்கலாம். சோறு பிசையும் கை தாழ்ந்திருத்தலே இயல்பு. ஆகவே 29 அங்குலம் நமக்குப் பொருந்தும் என்பேன். வேலைப்பாட்டுக்காகப் பலகையின் கீழ்ச்சட்டத்தை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கினால் தொடை நுழைய இடமிராது. சட்டம் 4 அங்குலம், பலகை 1 அங்குலம் எனின், கீழே 24 அங்குலம் வெளி கிடைக்கும். அஃது போதும். பூவேலை செய்விக்க விரும்புவோர் அதனைக் கதிரையின் முதுகிற் செய்விக்கலாம். எனினும் கதிரையைப் பாட்டியார் ஒரு கையால் இழுக்கக்கூடிய எடையில் வைத்தல் வேண்டும்.

இனி வீட்டின் அளவு. கதிரையைப் பின்னே இழுத்து எழுவதற்கும், எழுந்தவர் கைகழுவச் செல்வதற்கும் மேசையின் விளிம்பிலிருந்து 3 அடி வேண்டும். 6 அடிக்கு 3 அடி மேசையை நாற்புறமும் வெளிவிட்டு இட்டால் 12 அடிக்கு 9 அடி, அதாவது 108 சதுர அடி நிலம் செலவாகும். போரின் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய வீட்டுத் திட்டத்தின்கீழ் எழுந்த வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. அத்தகைய வீட்டில் இம்மேசை ஐந்தில் ஒரு பங்கை விழுங்கும். விளைவு என்ன? மேசை சுவரோடு தள்ளப்படும்; அதன்மேல் துணியும் புத்தகமும் மருந்துப் போத்தலும் ஏறும்; வீட்டார் தட்டைக் கையிலேந்தித் தொலைக்காட்சியின்முன் அமர்வர். பெரிய மேசை வாங்கியும் ஒருங்கிருந்து உண்ணாத வீடு பல.

சிறு வீட்டுக்கு வேறு வழி உண்டு. நாலரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமுமாக ஒரு மேசை, அதன் ஒரு தலையில் ஒன்றரை அடி மடக்குப் பலகை, சுவர்ப்புறம் முதுகில்லாத ஒரு வாங்கு, மறுபுறம் கதிரைகள். நாள்தோறும் நால்வர் இருக்கலாம். விருந்து வந்தால் மடக்குப் பலகையை உயர்த்த, நீளம் 6 அடியாகி அறுவர்க்கு இடங்கிடைக்கும். 7 அடிக்கு 6 அடி நிலத்தில் இஃது அடங்கும். வாங்கிலே மூன்று பெரியோர்க்குப் பதில் நான்கு சிறுவர் ஒதுங்கி அமர்வர். பாயின் நெகிழ்ச்சி இவ்வாங்குக்குச் சிறிது உண்டு. ஆயின் நடுவிலிருப்பவர் எழ வேண்டின் ஓரத்தவரை எழுப்ப வேண்டும். ஆதலின் முதியவரையும் சமைத்தவளையும் அங்கு இருத்தலாகாது. அடுக்களை வாயிலுக்கு அண்மையிலுள்ள கதிரை அவளுடையது. அவள் எழுந்துசென்று மீண்டும் வந்தமர எளிதான இடம் அது. அறை சதுரமாயின் வட்ட மேசையும் நன்று. 4 அடி விட்டத்தில் நால்வரும், 5 அடி விட்டத்தில் அறுவரும் இனிதே இருக்கலாம். சகனைப்போல அதற்கும் தலைமாடு இல்லை.

மரத்தைப் பற்றியும் சில சொல்லுதல் வேண்டும். முதிரை பொன்னிறமும் வன்மையும் உடையது. நம் வறண்ட காட்டின் செல்வம். ஆனால், காட்டு மரத்தை வெட்டுதலும் ஏற்றிச்செல்லுதலும் 1907ஆம் ஆண்டின் காடுகள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பத்திரமில்லாத முதிரை மலிவாகக் கிடைக்கின்றதென்று வாங்குவது காட்டையும் கெடுத்து நம் பெயரையும் கெடுப்பதாகும். வளவிலுள்ள பலாவையும் எண்ணியவாறு வீழ்த்த இயலாது. பலா, ஈரப்பலா, பெண்பனை என்பவற்றை அனுமதியின்றி வெட்டுதலை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. முறைப்படி பெற்ற பலாவும் தேக்கும் வேம்பும் மேசைக்கு ஏற்றனவே. பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் வளைகளும் கதவுப் பலகைகளும் அவற்றினும் சிறந்தவை. பல்லாண்டு உலர்ந்து அடங்கிய மரம் அது. பச்சை மரத்தைப் பலகையாக்கினால், 1 அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துக என்பது பழைய கணக்கு.

உலர்ந்த மரமும் அசைவற்றதன்று. மாரியில் ஈரமுண்டு அகலும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீரற்றுச் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். குறுக்குவாக்கில் 3 அடிப் பலகை கால் அங்குலம் வரை மாறும். இதனையறியாது பலகையைச் சட்டத்தோடு ஆணியடித்தும் பசையிட்டும் இறுக்கினால், முதற் கச்சானிலேயே வெடிப்புத் தோன்றும். திருகாணி செல்லும் துளையை நீள்துளையாக வெட்டினால் பலகை தன் போக்கில் அகன்று சுருங்கும். கடலும் வாவியும் இருபுறம் சூழ்ந்த எழுவான்கரையில் இரும்பாணி விரைவில் துருவேறி மரத்தைக் கறைப்படுத்தும். பித்தளைத் திருகாணியே தக்கது.

மேற்பூச்சிலும் நம் உணவை மறத்தலாகாது. அரக்கைச் சாராயத்திற் கரைத்துப் பூசும் பழைய பொலிஷ் கண்ணுக்கு இனியது; சூடான சட்டியும் சிந்திய நீரும் பட்ட இடத்தில் வெண்வளையம் விழும். மஞ்சட் குழம்பு நாடோறும் சிந்தும் மேசைக்கு நீரும் சூடும் தாங்கும் வார்னிஷ் பூசுதல் நலம். மூலைகளை மழுக்கி வளைவாக்குக. ஓடிவரும் குழந்தையின் நெற்றி அவ்வுயரத்திலேதான் இருக்கின்றது.

விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோர்க்கு ஊண் கொடுத்த பின்னரே உண்ணுதல் வேண்டும் என்றும் ஆசாரக்கோவை கூறுகின்றது. இஃது உயர்ந்த அறமே. ஆனால் அவ்வறத்தை இல்லத்தார் அனைவரும் பகிர்ந்து தாங்குதல் வேண்டும். ஒருத்தியின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு ஏனையோர் முதற் பந்தியில் அமர்தல் அறத்தின்பாற் படாது. விருந்தினரை முதலில் இருத்துக. முதியவர்க்கு நல்ல கதிரையைக் கொடுக்க. பின்னர் வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் அமர்க. இதற்கு வேண்டுவது பெருஞ்செல்வமன்று. ஓரடி குறைந்த அகலமும் ஒன்று மிகுந்த இருக்கையுமே.

ஆகவே மகளுக்கு மேசை செய்விக்க எண்ணும் தந்தையர்க்கு ஒரு சொல். பட்டறைக்குப் போகும்போது மகளையும் அவள் தாயையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களை ஒரு கதிரையில் இருத்தி, கை எவ்வளவு எட்டுகின்றது, முழங்கை எங்கே நிற்கின்றது என்று தச்சரைக் கொண்டு அளப்பியுங்கள். அயல்வீட்டு மேசையின் அளவை அதன் பின்பு கேட்கலாம். பெரும்பாலும் கேட்க வேண்டியிராது.