சாமி தந்த ஜாமீன்

இடைக்கால ஜெர்மனியில் கொலோன் பேராயர்கள் தங்கள் உருவத்தையே பொறித்து வெள்ளிக்காசு அடித்தார்கள். அங்கே மதகுருவே ஆட்சியாளர். திருப்பதிப் பக்கம் கதை தலைகீழ்: காசு அரசருடையது, உருவம் சாமியுடையது.

1565 தலைக்கோட்டைத் தோல்விக்குப் பின் சுருங்கிய விஜயநகரத்தைச் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்டவர் இரண்டாம் வெங்கடபதி ராயர் (1586-1614). அவரது பொன் வராகனில் ஒரு பக்கம் வேங்கடவன். மறுபக்கம் நாகரி எழுத்தில் அவருக்கே வணக்கம். மன்னர் பெயர் இல்லை.

அரசு போனது, சாமி காசு நின்றது. பழகிய முகத்தையே வியாபாரி நம்புவான் என்று கண்டுகொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னையில் தேவியர் இருவருடன் வேங்கடவன் நிற்கும் 'மூன்று சாமி வராகன்' அடித்தது. 1818ல் வராகனின் இடத்தை வெள்ளி ரூபாய் பிடித்தது.

குபேரனுக்குக் கடன்பட்டவர் என்று பக்தர்கள் சொல்லும் சாமிதான், ஒரு காலத்தில் தென்னாட்டுக் கடைவீதிக்கு ஜாமீன்.