உயரத்து ஜன்னலும் ஒட்டடைக் கம்பும்

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். புது வீடாம். ஹாலில் மாடி வரைக்கும் உயர்ந்த சுவர். 10 அடிக்கு மேலே இரண்டு கண்ணாடி ஜன்னல்கள். "ஆடிக் காற்று ஓய்ந்ததும் கண்ணாடி முழுக்கப் புழுதி. சாப்பாட்டு மேஜை மேல ஸ்டூலைப் போட்டு ஏறித் துடைக்கிறேன். அப்படியும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. எதைப் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகும்?" என்று கேட்கிறார்.

சகோதரி, பளபளப்பைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஸ்டூலை மேஜையிலிருந்து இறக்குங்கள்.

மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் உயரத்தில் வெண்டிலேட்டர் உண்டு. அதைத் திறக்கவும் மூடவும் கயிறு தொங்கும். துடைக்க ஒட்டடைக் கம்பு மூலையில் நிற்கும். யாரும் ஏற வேண்டியதில்லை. இப்போது ஊருக்கு வெளியே எழும்புகிற வீடுகளில் வெளிச்சத்துக்காக உயரத்தில் கண்ணாடி வைத்துவிடுகிறார்கள். அதை யார், எப்படித் துடைப்பது என்று பிளான் போடுகிறவரும் நினைப்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்துத் தெரு அக்காவுக்கு வயது 58. போகிக்கு முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி ஜன்னலைத் துடைத்தார். நாற்காலிக் கால் விரிந்தது. விழுந்தது இரண்டடி உயரத்திலிருந்துதான், உடைந்தது இடுப்பெலும்பு. ஆபரேஷன், வாக்கர் என்று ஆறு மாதம் போயிற்று. மாதவிலக்கு நின்றபின் நம் எலும்பு வேகமாக வலுவிழக்கிறது. இளம் வயதில் வெறும் வீக்கத்தோடு போவது அந்த வயதில் முறிவாகிவிடும். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

ஆகவே ஏற வேண்டியது கம்பு, நாமல்ல. மூங்கில் கடையில் எட்டு, ஒன்பது அடிக்கு மெல்லிய, வெடிப்பில்லாத கம்பாகப் பார்த்து வாங்குங்கள். நீட்டி மடக்கும் அலுமினியக் கம்பும் கிடைக்கிறது. தரை துடைக்கும் வைப்பரின் தலையைக் கம்பு நுனியில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றுங்கள். முதலில் உலர்ந்த துணியால் மேலிருந்து கீழாகப் புழுதியைத் தட்டுங்கள். புழுதி மேல் நேராக ஈரத்துணியைப் போட்டால் சேறாகும்; திட்டு விழுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பிறகு ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து கட்டுங்கள். தண்ணீர் சொட்டுகிற துணி கனத்துப் போய்க் கம்பை ஆட்டும், தரையையும் வழுக்க வைக்கும். கடைசியில் துணியை அவிழ்த்து, வைப்பர் ரப்பராலேயே ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். ஜன்னலுக்கு நேர் கீழே நிற்காமல் நாலடி தள்ளி நின்றால் கழுத்தும் வலிக்காது, தூசியும் முகத்தில் கொட்டாது.

மீதித் திட்டுக்குக் காரணம் நம்ம ஊர் போர் தண்ணி. அதிலுள்ள உப்பு, தண்ணீர் காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். கடைசித் துடைப்புக்கு மட்டும் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளைக் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி. கீழே மார்பிள் இருந்தால் அதில் சொட்டவிடாதீர்கள், அரித்துவிடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். வெயில் ஏறும் முன் துடைப்பது நல்லது. சூடான கண்ணாடியில் தண்ணீர் உடனே காய்ந்து கோடு விழும்.

ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் நாலு கால் மடக்கு ஏணிதான். அதை முழுக்க விரித்து, காய்ந்த தரையில் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் இரண்டு படியில் நிற்கக் கூடாது. சாய்ப்பு ஏணியானால் நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடிப்பகுதி சுவரைவிட்டுத் தள்ளியிருக்க வேண்டும். நைட்டியும் தொங்கும் முந்தானையும் படியில் மாட்டும். ஏறும் முன் ஃபேன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கரண்ட் போயிருக்கிறது, ஃபேன் நிற்கிறது என்று ஏறுகிறார்கள். கரண்ட் திரும்பினால் தலைக்குப் பக்கத்தில் இறக்கை சுழலும்! அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள், பி.பி. மாத்திரை சாப்பிட்டு எழுந்தால் கிறுகிறுப்பு வருகிறவர்கள் ஏணிப் பக்கமே போக வேண்டாம்.

"அப்போ வேலைக்கு வர்றவங்களை ஏறச் சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. நமக்கு ஆபத்தான ஸ்டூல் அவருக்கு மட்டும் பத்திரமாகிவிடுமா? அவர் கை உடைந்தால் நாலு வீட்டு வருமானம் நின்றுவிடும். கம்புக்கு எட்டாததை வெள்ளையடிக்கச் சாரம் கட்டும்போது சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். அதுவரை புழுதி இருந்துவிட்டுப் போகட்டுமே.

யாராவது விழுந்துவிட்டால் பதறித் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்து, முதுகு, இடுப்பு வலி என்றால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டவர் பேசிக்கொண்டிருந்தாலும், வாந்தியோ தூக்கமயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். எண்ணெய் போட்டு நீவுவதும், எக்ஸ்ரே பார்க்காமல் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்துக் கையையே அழுக வைத்ததுண்டு.

ஜன்னலில் புறா எச்சம் இருந்தால் உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு எடுங்கள். கண்ணில் தூசி விழுந்தால் கசக்காமல், முந்தானை நுனியால் துழாவாமல், சுத்தமான தண்ணீரைக் கண்ணில் ஊற்றி அலசுங்கள். உறுத்தல் நிற்கவில்லையா, கண் டாக்டரிடம் போய்விடுங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த மதுரையில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார் என்று கண்ணில் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.