பன்றிக்குட்டி பிழைக்க எது முக்கியம்: எண்ணிக்கையா, எடையா, மரபணுவா?

பம்மல், அனகாபுத்தூர் பக்கம் காலி மனைகளில் குட்டிகளோடு மேயும் பன்றிகளைப் பார்த்தால், "அதுங்களுக்கு என்ன, எங்கே விட்டாலும் பிழைச்சுக்கும்" என்று சொல்வது வழக்கம். உண்மை அப்படியில்லை. எங்கே வளர்த்தாலும் பால் மறக்கும் முன்பே கணிசமான குட்டிகள் இறந்துவிடுகின்றன. அதில் பெரும்பாலானவை முதல் மூன்று நாட்களில். வளர்ப்பவருக்கு முதல் நஷ்டம் இங்கேதான்.

ஏன் சாகின்றன?

பன்றிக்குட்டியின் உடம்பில் பிறக்கும்போது கொழுப்பு மிகக் குறைவு. நோயைத் தடுக்கும் சக்தி தாயின் வயிற்றிலேயே வந்துவிடுவதில்லை. சீம்பாலில்தான் வர வேண்டும். அதையும் முதல் 24 மணி நேரத்துக்குள் குடித்தால்தான் முழுப் பலன். ஒரு கிலோவுக்கும் குறைவான குட்டி சீக்கிரம் குளிர்ந்துபோகும், மடிக்குப் போட்டி போட முடியாது, சோர்ந்து கிடந்து தாயின் அடியில் நசுங்கும். திறந்தவெளி வளர்ப்பில், ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தரையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அப்படியானால் நிறைய குட்டி போடும் பன்றி?

ஒரே ஈத்தில் குட்டி கூடினால் ஒவ்வொன்றின் எடையும் குறையும். டென்மார்க் இதை அனுபவத்தில் கற்றது. ஈத்துக்கு எத்தனை குட்டி என்று பார்த்தே 1990களில் இனத்தேர்வு செய்தார்கள். குட்டிச் சாவும் சேர்ந்தே கூடியது. 2004இல் அளவுகோலை மாற்றி, ஐந்தாம் நாளில் உயிரோடு இருக்கும் குட்டிகளை எண்ணத் தொடங்கினார்கள்.

எடையை மட்டும் பிடித்துக்கொள்வதும் போதாது. பிழைக்கும் மரபு உள்ள குட்டிகள் அதிக எடையோடுதான் பிறக்கும் என்றில்லை. உடம்பில் சேமித்த ஆற்றல்தான் அவற்றுக்குக் கைகொடுக்கிறது என்று நெதர்லாந்து ஆய்வுகள் காட்டின. ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் திறந்தவெளியில் வளர்ந்த பன்றிகளைப் பார்த்தபோது, பிழைப்பதில் மரபின் பங்கு கொட்டகைகளில் காணப்படுவதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. அதாவது வெளியில் வளர்ப்பவருக்குத்தான் நல்ல மரபுத் தேர்வால் லாபம் அதிகம்.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

அதற்கான இடம் தூரத்தில் இல்லை. தாம்பரம் தாண்டி, பொத்தேரி அருகே காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். (பூந்தமல்லி காட்டுப்பாக்கம் வேறு.) 75 சதவீதம் வெண்பன்றி, மீதி நாட்டுப்பன்றி என்ற கலப்பில் 'தானுவாஸ் கே.பி.எம். கோல்டு' உருவானது இங்கேதான்.

அடுத்த படி, ஐந்தாம் நாள் கணக்கை இங்கேயும் அளவுகோலாக்குவது. நிலையத்தின் கொட்டகையில் மட்டும் எடுத்தால் போதாது. ஹோட்டல் மிச்சம் போட்டு, ஓலைக் கொட்டகையிலும் வெளியிலுமாக வளர்க்கும் சிறு விவசாயிகளிடமும் எடுக்க வேண்டும். இனவிருத்திக்குப் பன்றி விற்கும்போது, அதன் உடன்பிறந்த குட்டிகள் எத்தனை பிழைத்தன என்ற விவரத்தையும் கையில் கொடுக்க வேண்டும்.

வளர்ப்பவர்கள் இன்றே தொடங்கலாம். ஒரு தொங்கு தராசு, ஒரு நோட்டு. பிறந்த அன்று எடை, ஐந்தாம் நாள் எண்ணிக்கை, எந்தத் தாய், எந்த ஆண்பன்றி. நாலு ஈத்து எழுதினால், எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.