டோபி காட்டில் ஒரு பெரட்டு



பள்ளி விடுமுறை வரப்போகிறது. ஜொகூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். ஆறு பேர் சேர்ந்து, தோளில் ஆளுக்கொரு பையோடு சிங்கப்பூர் போகிறார்களாம். "அண்ணா, எங்களில் யாரும் இதுவரை பாலம் தாண்டியதில்லை. எப்படிப் போவது, எங்கே இறங்குவது?" என்று கேட்கிறார். பலருக்கும் உதவும் என்பதால் இங்கேயே பதில் தருகிறேன்.

தங்கையே, புது ஊரில் கால் வைக்கும் முதல் இரண்டு மணி நேரம்தான் கடினம். களைப்பு, பசி, அவசரம் மூன்றும் சேர்ந்துகொள்ளும். உயிர்த் தோழிகள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வது அப்போதுதான். நம் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டு எடுப்பார்களே, அந்தப் பழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும். ஒவ்வோர் இடத்திலும் நின்று தலையை எண்ணுங்கள், பிறகு நகருங்கள்.

முதல் பெரட்டு வீட்டிலேயே. ஆறு பேரிடமும் கடப்பிதழ் இருக்கிறதா? மின்னியல் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள், கைப்பேசியிலேயே நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறை இதற்கு ஒரு காசும் வாங்குவதில்லை. காசு கேட்கிற இணையப் பக்கம் எதுவானாலும் மூடிவிடுங்கள். சூயிங்கம், வேப் இரண்டும் பையில் வேண்டாம்.

இரண்டாவது பெரட்டு பாலத்தில். 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் கூட்ட நாளில் மணிக்கணக்காகும். ஜொகூரில் ஒரு தடவை, உட்லண்ட்ஸில் ஒரு தடவை, பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். பஸ் உங்களுக்காகக் காத்திராது. முதலில் முடித்தவர் ஓடிப்போய் ஏறிவிடாதீர்கள். ஆறாவது ஆள் வரும்வரை நில்லுங்கள். அடுத்த பஸ் வரத்தான் போகிறது.

170ஆம் எண் பஸ்ஸில் வந்தால் கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கலாம். ரயிலுக்கு ஆளுக்கொரு கட்டண அட்டை வேண்டும். ஓர் அட்டையில் இருவர் போக முடியாது. செலவையும் அங்கேயே பேசி வையுங்கள். 1973 வரை இரண்டு நாட்டு வெள்ளியும் சமமாக மாறின. இன்று அவர்கள் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி ஏறத்தாழ மூன்று. கையில் குறைவாக உள்ளவர் வாய் திறந்து சொல்லமாட்டார். மற்றவர்கள்தான் குறிப்பறிய வேண்டும்.

கிராஞ்சியிலிருந்து சிவப்புத் தடத்து ரயில் நேரே டோபி காட்டுக்கு வரும். சாமர்செட் தாண்டியதும் எழுந்துகொள்ளுங்கள். 1987இல் திறந்த இந்த நிலையத்தில் 2003இல் ஊதாத் தடமும் 2010இல் வட்டத் தடமும் சேர்ந்தன. மூன்று தடங்கள், பல வாசல்கள், ஏறி இறங்கும் மின்படிகள். கூட்டம் சிதறுவது இங்கேதான். யாராவது தவறிப்போனால், தவறியவர் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். மற்றவர்கள் தேடி வரட்டும். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தின் பெயரைக் கவனித்தீர்களா? டோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்றால் படித்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி வெளுத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடைதான் பிற்பாடு ஸ்டாம்ஃபோர்டு கால்வாயானது. முதுகில் மூட்டை சுமந்தவர்களின் பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது, பாருங்கள்! நீங்களும் தோளில் பையோடு அங்கே கூச்சமின்றி நிற்கலாம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போவதும் இந்த வட்டாரம் வழியாகத்தான்.

அங்கிருந்து ஊதாத் தடத்தில் ஒரே நிறுத்தம், லிட்டில் இந்தியா. நம்மவர்கள் தேக்கா என்பார்கள். ஊரைச் சுற்றும் முன் தேக்கா நிலையத்தில் வயிறாரச் சாப்பிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

கடைசிப் பெரட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "நீங்கள் போங்கள், எனக்கு இங்கே ஒரு கடையில் வேலை சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒருவர் பின்தங்கக்கூடும். வீட்டுக் கஷ்டம் அப்படிச் சொல்ல வைக்கும். விட்டுவிட்டு வராதீர்கள். ஊர் பார்க்க வந்த அனுமதியில் வேலை செய்து பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். முறையான வேலையென்றால் முதலாளிதான் மனிதவள அமைச்சிடம் அனுமதி கேட்பார். ஊருக்குத் திரும்பி அதற்குக் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

ஆறு பேர் போனால் ஆறு பேரும் திரும்பி வாருங்கள். வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.