சுழல் வழிபாடு

பழைய லென்சுகளைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இரண்டாவது வாக்கியத்திலோ மூன்றாவது வாக்கியத்திலோ ஒரு சொல் வந்து விழுந்துவிடுகிறது: ஆன்மா. புதிய லென்சுகளுக்குத் துல்லியம் உண்டு, ஆன்மா இல்லை. கையால் வளையத்தைத் திருகிக் குவியம் கொள்ளும் பழைய லென்சுகளுக்கு மட்டுமே அது வாய்த்திருக்கிறது என்கிறார்கள். சொல்பவர்கள் என் நண்பர்கள்தாம். நானும் பத்தாண்டுகளுக்கு மேலாக அந்தக் கூட்டத்தில் ஒருவன். என் அலமாரியில் அரிசிப் பானையைப் போல இறுக மூடிய டப்பா ஒன்றில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே, நான்கு பழைய லென்சுகள் இருக்கின்றன. ஆகையால் இதை வெளியாள் ஒருவன் வாசிக்கும் குற்றப்பத்திரிகையாகக் கொள்ள வேண்டாம்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய லென்சுகளில் நாம் கொண்டாடுவது பெரும்பாலும் அவற்றின் குறைகளை. நாம் கொண்டாட மறந்தது அவை நம் கையில் ஒப்படைக்கும் பொறுப்பை. இந்த இடமாற்றம் வெறும் ரசனைக் கோளாறு அன்று. அதனால் நம் படங்களிலிருந்து மனிதர்களும் இடங்களும் காணாமற் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த வழிபாட்டின் மூலவர் ஹீலியோஸ் 44-2. குவியத்தூரம் 58 மில்லிமீட்டர், முழுத் திறப்பு எஃப்/2, நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள், எட்டு இதழ்கள் கொண்ட அபர்ச்சர். மாஸ்கோவை அடுத்த க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையிலும் வேறு சில சோவியத் ஆலைகளிலும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. அதன் வடிவமைப்பு சோவியத்துக்குச் சொந்தமானதன்று. ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் சைஸ் நிறுவனம் உருவாக்கிய பயோட்டார் லென்சை அடியொற்றியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் யேனாவின் இயந்திரங்களும் தொழில்நுட்பமும் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டதன் விளைவுகளுள் அதுவும் ஒன்று. 1965இல் வெளிவரத் தொடங்கிய ஸெனிட்-இ காமிராவோடு சேர்த்து விற்கப்பட்டது. அதாவது, அது பிரபுக்களின் லென்ஸ் அன்று. பள்ளி ஆசிரியரும் ஆலைத் தொழிலாளியும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் படமெடுக்க வாங்கிய சாதாரணப் பண்டம்.

இன்று அதை எதற்காக வாங்குகிறார்கள்? சுழலுக்காக. முழுத் திறப்பில், பின்னணியில் இலைகள் அடர்ந்த மரம் ஒன்றிருக்க, நடுவே ஒரு முகத்தை நிறுத்தி எடுத்தால், அந்த இலைகளின் ஒளிப்புள்ளிகள் முகத்தைச் சுற்றிச் சுழித்தோடுவது போலத் தோன்றும். முதன்முறை பார்க்கையில் மனம் மயங்கத்தான் செய்யும். நானும் மயங்கினேன்.

அந்தச் சுழல் எப்படி உண்டாகிறது என்று சற்றுப் பார்ப்போம். காட்சியின் ஓரங்களிலிருந்து சாய்வாக நுழையும் ஒளிக்கற்றையின் ஒரு பகுதியை லென்சின் விளிம்புகள் வெட்டிவிடுகின்றன. அதனால் வட்டமாகப் பரவ வேண்டிய ஒளிப்புள்ளி பூனையின் கண்மணி போல நீண்டு ஒடுங்குகிறது. படத்தின் மையத்தைச் சுற்றி இந்தப் பூனைக்கண்கள் வரிசை கட்டி நிற்பதைத்தான் நம் கண் சுழலாக வாசிக்கிறது. ஓரங்களில் முழுமையாகத் திருத்தப்படாத ஒளிப்பிறழ்வுகள் அதற்கு மேலும் வலுவூட்டுகின்றன. அபர்ச்சரை 4க்கோ 5.6க்கோ சுருக்கினால் சுழல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக, ஆன்மா என்று நாம் பெயரிட்டது இரண்டு மூன்று சொடுக்குகளில் காணாமற் போகும் ஒரு கணக்குக் குறைபாடு. லென்ஸ் வடிவமைத்தவர்கள் அதைக் குறைக்கவே காகிதத்தில் இரவு பகலாகக் கணக்கிட்டார்கள். கண்ணாடிப் பரப்பின் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சை 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாந்தர் ஸ்மாகுலா உருவாக்கியதும் இதே உழைப்பின் வரிசையில்தான் வரும். பூச்சு தேய்ந்த லென்சைத் தேடி வாங்கி, 'ஒளி கசிகிறது, என்ன கவித்துவம்!' என்று இன்று உருகுகிறோம்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஓலைச்சுவடிகள் நினைவுக்கு வருகின்றன. சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887இல் அச்சிட்டு வெளியிட்டார். அதற்கு முன் எத்தனை ஊர், எத்தனை ஏடு என்று அவர் அலைந்த கதையை நாமறிவோம். செல்லரித்த ஏட்டில் எழுத்து இருந்த இடத்தில் துளை இருந்தால், அந்தத் துளையை அவர் அழகென்று கொண்டாடவில்லை. வேறொரு பிரதியைத் தேடி நடந்தார். பூச்சி தின்றது பூச்சியின் வேலை, புலவனின் சொல் வேறு என்ற தெளிவு அவருக்கு இருந்தது. நாமோ துளையைக் காட்டி, இதுவே காப்பியம் என்கிறோம்.

இந்த மயக்கம் எதுவரை போகும்? சூப்பர்-டகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்சின் ஒரு வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. தோரியத்தின் கதிரியக்கத்தால் அந்தக் கண்ணாடி பல ஆண்டுகளில் பழுப்பேறி மஞ்சளாகிவிடும். புற ஊதா ஒளியிலோ வெயிலிலோ சில நாட்கள், சில வாரங்கள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். ஆனால் அந்த மஞ்சளுக்கே 'பொன்னிற வெதுவெதுப்பு' என்று பெயர் சூட்டி விற்பவர்களும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இன்னும் ஒருபடி மேலே போய், ஹீலியோசின் முன்கண்ணாடியைக் கழற்றித் தலைகீழாகப் பொருத்துகிறார்கள். ஏன்? இருக்கிற சுழல் போதவில்லையாம். பழமையைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பழமையைச் செய்தவனின் கைவேலையைக் குப்புறக் கவிழ்ப்பதை நான் எந்தப் பெயரால் அழைப்பது?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குறையும் கலைஞனுக்குக் கருவிதானே? மங்கல் என்பது தவறா? இல்லை. 1860களில் ஜூலியா மார்கரெட் கேமரன் இங்கிலாந்தில் எடுத்த முகங்கள் மங்கலானவை. அன்றைய விமர்சகர்கள் அவற்றைக் குவியம் தவறியவை என்று எள்ளினார்கள். இன்று அவை புகைப்படக் கலையின் செல்வங்கள். மறுபுறம், 1932இல் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் கூடி அமைத்த குழு, மிகச் சிறிய அபர்ச்சரான எஃப்/64ஐயே தன் பெயராகச் சூடிக்கொண்டு, மங்கலுக்கு எதிராகக் கொடி பிடித்தது. அந்த வெஸ்டனே இளமையில் மங்கல் படங்கள் எடுத்துப் பேர் வாங்கியவர். இரு தரப்பிலும் நான் காண்பது ஒன்றே: முடிவு. கேமரன் ஒரு முகத்தின் முன் நின்று, இவ்வளவு தெளிவு போதும் என்று நிறுத்தினார். ஆடம்ஸ் ஒரு மலையின் முன் நின்று, புல் முதல் முகடு வரை வேண்டும் என்று சுருக்கினார். பார்த்த பொருள் அந்த முடிவைக் கேட்டது. சுழல் வேட்டையிலோ முடிவு வீட்டிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. எஃப்/2 என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தோதான மரத்தையும் முகத்தையும் தேடிப் போகிறோம். எந்த முகமாயினும் சரி, எந்த ஊராயினும் சரி, படம் ஒன்றே.

இது எனக்கு எப்படி உறைத்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு, செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாரதக் கூத்து. மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில், வேப்பமரத்துக்கு முன்னால் அமர்ந்து, மூத்த கலைஞர் ஒருவர் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். வெளிச்சம் போதுமானதாக இருந்தது. நான் ஐந்தடி தொலைவில் குந்தி, ஹீலியோசை முழுதாகத் திறந்து, அவருடைய கண்ணில் குவியம் வைத்து எடுத்தேன். வேப்பிலைகள் ஒளிவட்டம் போலச் சுழன்றன. அந்தப் படத்தைப் பலரும் பாராட்டினார்கள். பெரிதாக அச்சிட்டு அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன்.

இரண்டாண்டுகள் கழித்து அவருடைய மகன் கல்லூரிக்கு என்னைத் தேடி வந்தார். கையில் அந்தப் படம். "சார், இதுல அப்பாவுக்குப் பின்னால சேப்பா தெரியுதே, அது எங்கம்மா. தண்ணி எடுத்தாந்து குடுத்துட்டு நின்னாங்க. அம்மா போன மாசம் தவறிட்டாங்க. குடும்ப அட்டையில இருக்கிறதைத் தவிர வேற போட்டோ இல்ல. அவங்க மொகம் மட்டும் தெரியற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

முடியாது. கலைஞருக்குப் பத்தடி பின்னால் நின்றிருந்த அந்த அம்மாள் என் படத்தில் ஒரு சிவப்புத் தீற்றல். அவர் அங்கே நின்றதை நான் கவனிக்கவும் இல்லை. இலைகளின் சுழலைத்தான் கவனித்தேன். அன்று எஃப்/8 வைத்திருந்தால் அவர் முகம் முழுத் தெளிவோடு இருந்திராது. ஆயினும் இன்னார் என்று மகன் அடையாளம் காணுமளவுக்காவது இருந்திருக்கும். லென்சின் மேல் நான் பழி போடவில்லை. எட்டு என்ற எண் அந்த வளையத்தில் பொறிக்கப்பட்டே இருந்தது. திருகாதவன் நான்.

அப்படியானால் பழைய லென்சுகளைக் கடாசிவிட வேண்டியதுதானா? இல்லவே இல்லை. அவற்றின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஹீலியோசின் உடலில் தொலைவு அளவுகோல் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. எந்த அபர்ச்சரில் எங்கிருந்து எங்குவரை தெளிவாக விழும் என்பதும் பக்கத்திலேயே கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. முழுச்சட்டக் காமிராவில் எஃப்/2இல் ஒரு மீட்டர் தொலைவிலுள்ள முகத்தை எடுத்தால் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். கண் தெளிந்தால் காது மங்கும். எஃப்/16இல் ஏழு மீட்டரில் வளையத்தை நிறுத்தினால் மூன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். யார் தெரிய வேண்டும், யார் மறைய வேண்டும் என்ற கேள்வியை ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அந்தக் கோடுகள் நம்மிடம் கேட்கின்றன. இன்றைய காமிராக்கள் கண்மணியைத் தாமே தேடிப் பிடித்துவிடுகின்றன. அது வசதிதான், நான் பழிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நம் காதில் விழுவதற்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிடுகிறது. கேள்வியைக் காதில் விழச் செய்வதுதான் பழைய லென்சின் கொடை. சுழல் அன்று.

'கைக்குவியம் நம்மை நிதானப்படுத்துகிறது, நிதானமே கலை' என்ற வாதத்தையும் நான் ஏற்பதற்கில்லை. உடலிலேயே தானியங்கிக் குவியம் கொண்ட மினோல்டா 7000 வந்தது 1985இல். அதற்கு முன் பந்தயக் குதிரையையும் போர்முனையையும் படமெடுத்தவர்கள் கையால்தான் குவியம் கொண்டார்கள். நிதானமாக அல்ல, விரைவாக. தொலைவை முன்கூட்டியே கணித்து, வளையத்தை அங்கே வைத்துக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அது தியானம் அன்று, தொழில். நாமோ திரையில் தெளிந்த விளிம்புகளை வண்ணக் கோடுகளால் காட்டும் மின்னணு உதவியை நம்பிக்கொண்டு, கைவினைஞர் என்று மார்தட்டுகிறோம்.

என் வேண்டுகோள் எளியது. உங்கள் பழைய லென்சை ஒரு மாதம் எஃப்/8இல் வைத்துப் பாருங்கள். சுழல் போய்விடும். மிஞ்சுவது படமாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால், இதுநாள்வரை நாம் எடுத்தவை படங்கள் அல்ல, ஒரு லென்சின் மாதிரிகள். பிறகு திறக்க வேண்டிய இடத்தில் தாராளமாகத் திறக்கலாம். என்ன மறைகிறது என்று தெரிந்து திறக்கலாம்.

மறு ஆண்டு அதே ஊருக்கு அதே லென்சோடு போனேன். அரிதாரம் பூசும் வேளையில் அபர்ச்சரைச் சுருக்கி, நாலடி பின்னால் தள்ளி அமர்ந்தேன். முகவீணைக்காரர், கட்டியங்காரன் வேடம் கட்டுபவர், கிரீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பையன், தேநீர் கொண்டுவந்த பெண், சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள் எல்லாம் படத்தில் இருக்கின்றன. அதை யாரும் அழகென்று சொல்லவில்லை. அச்சிட்டுக் கொடுத்தபோது அந்த மகன் ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னணியில் ஓர் இடத்தில் மட்டும் விரல் சற்று நின்றது. அங்கே வேப்பமரமும் அதன்கீழ் வெறுந்தரையும் தெளிவாகத் தெரிந்தன.