டூரிங் வண்டிக்கு டர்போவா? வேணாம் மாப்ள!

போன ஞாயித்துக்கிழமை காலங்காத்தால பெரம்பலூர்ல இருந்து அக்கா போன். "தம்பி, உன் மருமவன் வண்டிக்கு என்னமோ டர்போ வைக்கப் போறானாம். ஒன்றரை லட்சம் சேத்து வச்சிருக்கான். நீ சொன்னா கேப்பான்டா."

கேக்கவா போறான்? பயல்கிட்ட இருக்கறது 411 சிசி ஹிமாலயன். லடாக் வரைக்கும் போய்ட்டு வந்த வண்டி. போனை வாங்கினவன் எடுத்த எடுப்புல, "மாமா, அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரியே டர்போல தான் ஓடுது. என் வண்டிக்கு என்ன கொறச்சல்?"னு மடக்கிட்டான். நியாயமான கேள்வி தான். போன்ல சொன்னா பாதில கட் பண்ணிடுவான், அதான் இந்தப் பதிவு. இதே ஆசையில இருக்கற மத்த மக்களும் படிச்சு வைங்க.

மொதல்ல அந்த லாரி. அது டீசல். சிலிண்டருக்குள்ள வெறும் காத்தைத் தான் அமுக்குது, டீசல் கடைசி நேரத்துல தான் உள்ள பீச்சுது. அதனால எவ்வளவு காத்தைத் திணிச்சாலும் முன்கூட்டியே பத்திக்கற பேச்சே இல்ல. பெட்ரோல் இஞ்சின் அப்படி இல்ல. காத்தும் பெட்ரோலும் கலந்தே அமுங்குது. அளவுக்கு மீறி அமுங்கி சூடானா தானா வெடிக்கும். அதைத் தான் மெக்கானிக்குங்க 'நாக்கிங்'னு சொல்றது. பிஸ்டன்ல ஓட்டை விழுறது இப்படித்தான்.

இன்னொண்ணு. பெரிய லாரி இஞ்சின்ல ஆறு சிலிண்டர். ஒவ்வொரு சுத்துக்கும் மூணு தடவை புகை வந்து டர்பைனைத் தள்ளும். ஹிமாலயன்ல ஒரே சிலிண்டர், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான் புகை. கிணத்துல இறைக்கற தண்ணி மாதிரி விட்டு விட்டு வரும். அதை வச்சு டர்போவை நிதானமா சுத்த வைக்கறது லேசான வேலை இல்ல.

இப்ப கணக்குக்கு வருவோம். பெரம்பலூர் மே மாச வெயில், 40 டிகிரின்னு வச்சுக்கங்க. அரை பார் பூஸ்ட் குடுத்தா, சின்ன டர்போவோட திறமைக்கு, காத்து கிட்டத்தட்ட 100 டிகிரிக்குப் போயிடும். சூடான காத்து விரியும்ல? அதனால அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆனாலும் உள்ள போற காத்து கால் பங்கு தான் கூடும். நாக்கிங்குக்குப் பயந்து டைமிங்கைப் பின்னால தள்ளினா அதுலயும் கொஞ்சம் போச்சு. 24 குதிரை 30 ஆனா பெரிசு. இண்டர்கூலர் வைக்கலாமேம்பான். எங்க வைப்ப? காத்துலயும் ஆயில்லயும் ஆறுற இஞ்சின் அது. முன்னாடி அதை மாட்டினா இஞ்சினுக்குப் போற காத்தை மறைக்கும்.

சூப்பர்சார்ஜரா? இஞ்சினோட சொந்த சக்தியிலயே பங்கு கேக்கும், பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடம் தேடணும். ஆன்லைன்ல விக்கிற 'எலக்ட்ரிக் டர்போ'வா? சிரிப்பு தான் வருது. மேல சொன்ன அரை பாருக்கே ஒன்றரை கிலோவாட் வேணும். 12 வோல்ட்ல அது 125 ஆம்பியர்! செல்ஃப் மோட்டாரை அழுத்திப் புடிச்சுக்கிட்டே ஊர் போறதுக்குச் சமம். அவன் விக்கிறது டேபிள் ஃபேனோட தம்பி.

உடனே "ஜப்பான்காரன் பண்ணலையா"ன்னு கேப்பீங்க. பண்ணான். எண்பதுகள்ல ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி நாலு பேரும் டர்போ பைக் விட்டாங்க. ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவுக்காக கம்ப்ரெஷனை 10ல இருந்து 7.2க்கு இறக்கினாங்க. அதாவது டர்போவுக்குத் தகுந்தபடி இஞ்சினையே மாத்தினாங்க. அப்படியும் அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள நாலு பேரும் கடையைக் கட்டிட்டாங்க. 2018ல வந்த கவாசாகி எச்2 எஸ்எக்ஸ் சூப்பர்சார்ஜர் வச்ச டூரிங் வண்டி தான், அருமையான வண்டி தான். ஆனா அது 998 சிசி, நாலு சிலிண்டர், தண்ணியில ஆறுற இஞ்சின். பொறந்ததே அப்படி. நம்ம ஹிமாலயன் 9.5 கம்ப்ரெஷனோட வேற வேலைக்குப் பொறந்தது.

இதுல நம்ம ஊர் ரோடு வேற. பெரம்பலூர்ல இருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். சீசன்ல பாதி ரோட்டுல மக்காச்சோளம் காயுது. அரியலூர் பக்கம் போனா சிமெண்டு ஃபேக்டரி லாரி, லாரிக்குப் பின்னால வெள்ளைப் புழுதி. நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல சுத்துற டர்போ வீலுக்கு அந்தப் புழுதி எமன். சூடா ஓட்டிட்டு வந்து டீக்கடையில டக்குனு ஆஃப் பண்ணினா டர்போ பேரிங்ல ஆயில் கருகிப் போகும். டீ குடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஐடிலிங்ல விடணும். இதுக்குப் பேரு டூரிங்கா மாப்ள?

நானும் யோக்கியன் இல்ல. 2009ல என் பழைய புல்லட்டை ஒரு பட்டறையில குடுத்து 'பவர் ஏத்தி' வாங்கினேன். பட்டறை பேரு வேணாம், ஆசைப்பட்டது நான் தான். சிறுவாச்சூர் தாண்டி பைபாஸ்ல இஞ்சின் ஜாம். பின் சக்கரம் லாக் ஆகி வண்டி இழுத்துக்கிட்டுப் போச்சு. பின்னால வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால தான் இன்னைக்கு இந்தப் பதிவு. அன்னைக்குப் பின்சீட்டுல இருந்தது யாரு தெரியுமா? இவனோட அம்மா தான். அதான் டர்போன்னதும் எனக்கு போன் அடிச்சிருக்கா.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சி புக்ல உள்ள விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். எல்லாத்தையும் விட, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்க நீயே காரணம் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்.

சரி, பவர் வேணுங்கற ஆசை தப்பா? இல்லவே இல்ல. ஹிமாலயன் செஞ்ச கம்பெனிக்கே பவர் பத்தலன்னு தோணிச்சு. என்ன பண்ணாங்க? டர்போவா வச்சாங்க? புதுசா 452 சிசி இஞ்சின் போட்டாங்க. நாலு வால்வு, தண்ணி கூலிங், 40 குதிரை. 2023 நவம்பர்ல வந்துச்சு. நீ ஒன்றரை லட்சம் செலவு பண்ணி 30ஐத் தொடறதுக்கு, பழைய வண்டியைக் குடுத்துட்டு, இந்தக் காசையும் மேல போட்டு அதையே வாங்கிடு. வேணாமா? நல்ல டயர், பிரேக் பேடு, நல்ல ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட் வாங்கு. மிச்சக் காசுக்கு பெட்ரோல் போட்டு இன்னொரு தடவை லடாக் போ. முடிவு உன் கையில.

அக்கா, இதை அவனுக்குப் படிச்சுக் காட்டு.

பி.கு: டர்போ வச்சு ஒத்தை சிலிண்டர் வண்டியில ஒரு லட்சம் கிலோமீட்டர் பிரச்சனை இல்லாம ஓட்டினவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. வாங்கிக்கறேன். ஓடோமீட்டர் போட்டோவோட வந்தா இன்னும் சந்தோஷம்.