கதவுக்கு ஆடிக் காற்று

லுணுகலைப் பகுதியில் தீபாவளிக்கு முந்திய வாரம் எந்த லயத்துக்குப் போனாலும் பெயின்ட் வாசம் அடிக்கும். தோட்டத்தில் கிடைத்த தீபாவளி முற்பணத்தில் பிள்ளைகளுக்கு உடுப்பு, பலகாரச் சாமான், மிஞ்சியதில் ஒரு சிறிய டின் எனாமல். காம்பராவுக்கும் குசினிக்கும் இடையிலுள்ள பழைய வார்னிஷ் கதவு ஒரே மாலையில் பச்சையாகவோ நீலமாகவோ மாறிவிடும். சித்திரை பிறக்குமுன் அது தோலுரிந்து நிற்கும். முற்பணமோ அப்போதும் மாதச் சம்பளத்தில் கழிந்துகொண்டிருக்கும்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் செய்த பிழைதான். சில ஆண்டுகளுக்கு முன், நத்தார் நெருங்கிய வேளையில், மறைக்கல்வி அறையின் இரு கதவுகளுக்கு வார்னிஷின் மேலேயே வெள்ளை பூசினோம். தவக்காலத்தில் பிள்ளைகள் அதை நகத்தால் பட்டை பட்டையாக உரித்து விளையாடினார்கள். வயதான தச்சர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "சாமி, கண்ணாடி மேல பூசுனா நிக்குங்களா?" என்று கேட்டார். விடயம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

வார்னிஷின் மினுக்கத்தில் வர்ணம் பிடிப்பதற்கு இடமில்லை. அதற்கு மேல் விறகடுப்பின் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வேறு. ஆகவே முதல் வேலை கழுவுதல். சவர்க்காரத் தூள் கரைத்த வெந்நீரால் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பின்னர் அரத்தாள், கடையில் சாண்ட்பேப்பர் என்றே கேளுங்கள். வார்னிஷ் முழுவதையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. மினுக்கம் மங்கினால் போதும். தூசியைத் துடைத்தபின் எண்ணெய் சார்ந்த பிரைமர் ஒரு தடவை, அது காய்ந்தபின் எனாமல் மெல்லியதாக இரு தடவை. பிரைமரை மிச்சம் பிடிக்க வேண்டாம். பலாப் பலகையின் கறை வெள்ளையின் ஊடாக மேலே வந்துவிடும். எனாமலை நீட்டுவதற்கு மண்ணெண்ணெய் கலப்பதையும் விட்டுவிடுங்கள். அது காயாமல் பிசுபிசுத்து நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. வர்ணங்களில் ஈயத்தின் அளவுக்கு நமது நாட்டில் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். கதவில் அதற்கு முந்திய வர்ணம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவோ நெருப்பால் சுடவோ கூடாது. நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியால் ஒற்றி எடுங்கள். சிறு பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது.

இனி, காலம். ஐப்பசி முதல் தை வரை எமது பக்கம் மழை. காம்பராவுக்குள் துணியே காய்வதில்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மழையை மலையின் மறுபக்கத்தில் இறக்கிவிட்டு, உலர்ந்து இங்கே வருகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் காற்று அதுவே. கதவுக்கும் அதுவே நல்லது. சிக்கல் என்னவென்றால், அப்போது கொழுந்து குறைவு, வேலை நாளும் குறைவு. நேரம் இருக்கும், காசு இருக்காது. தீபாவளியில் காசு இருக்கும், வெயில் இருக்காது.

ஆகவே எனது யோசனை இது: வர்ணத்தைத் தீபாவளிச் செலவிலிருந்து எடுத்துவிடுவோம். ஒரு லயத்தார் சேர்ந்து சிறு சீட்டுப் பிடித்தால், ஆடியில் 4 லீற்றர் டின் ஒன்று வாங்கலாம். சிறு டின்களாக வாங்குவதைவிட லீற்றருக்கு விலை குறையும். இரு பக்கமும் இரு தடவை பூசினாலும் ஏறத்தாழ ஏழு கதவுகளுக்குப் போதும். எல்லோருக்கும் ஒரே நிறம்தான் வரும். அதில் மனத்தாங்கல் வரும் என்பதும் தெரியும்.

"லயக் கதவு நமக்குச் சொந்தமில்லையே, ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மலையக மக்களின் 200 ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்தோம். காணி உறுதி இன்னும் பெரும்பாலானோர் கையில் இல்லை. அந்த உரிமைக் கோரிக்கையை வர்ணத்தால் மூடச் சொல்லவில்லை. ஆனால் கரி படிந்த அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் அவருடைய தங்கை ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். வெளிர் நிறம் பூசினால் ஒற்றைப் பல்பின் வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகப் பரவும்.

வரும் ஆடியில் மறைக்கல்வி அறையின் கதவுகளைக் கழற்றி வெளியில் வைக்கப் போகிறோம். அரத்தாள் வாங்கியாகிவிட்டது. தேய்ப்பதற்குக் கைகள் வேண்டும்.